ஞாயிற்றுக்கிழமை குளிராத மரம்

கண்டனூருக்கு வெளியே பொட்டலில் முந்திரிக் கன்றுக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தோம். நடுவில் ஒரே ஒரு உசிலை மரம். அதன் நிழலில், காரைக்குடியிலிருந்து ஆராய்ச்சிக்கு வரும் ஜனனி என்ற பிள்ளை ஒரு வெள்ளைப் பெட்டியை நிறுத்தியிருந்தது. நாலு கால், காற்றுப் போகச் சுற்றிலும் மரச்சட்டம். உள்ளே ஓர் உருளை சுற்றும்; பேனா முள் ஒன்று வெக்கையின் ஏற்ற இறக்கத்தைக் காகிதத்தில் கோடாக இழுக்கும். வெட்டவெளியிலும் இதேபோல் இன்னொன்று. மரத்தடி எவ்வளவு குளிர்ச்சி என்று இரண்டையும் ஒப்பிட்டு எழுத வேண்டும். இந்தக் கோடை தவறினால் அடுத்த கோடைதான். அதற்குள் வீட்டில் கல்யாணத்தை முடித்துப் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று ஜனனிக்குப் பயம்.

பெட்டியில் 'தொடக் கூடாது' என்று எழுதியவன் நான். தலை நரைத்த பிறகு அறிவொளியில் எழுத்துக் கற்றவன். இடுப்பு வலிக்க நிமிரும்போதெல்லாம் அதை ஒரு தடவை படித்துக்கொள்வேன். 'கூ' மட்டும் கொஞ்சம் சாய்ந்துவிட்டது.

ஜனனி காகிதம் மாற்ற ஞாயிறுதோறும் வரும். அன்று எங்களுக்கு வேலை கிடையாது. பாதிப் பேர் மாதா கோயில் பூசைக்குப் போகிறவர்கள். ஒரு புதன்கிழமை உச்சி வெயிலில், ஜனனி தன் பேராசிரியர் காசிவிஸ்வநாதனோடு வந்து நின்றது. முகம் வாடியிருந்தது.

"செம்மலையண்ணே, மத்தியானமானா மரத்தடிக் கோடு கிணத்துல விழுந்த மாதிரி இறங்குது. ஞாயித்துக்கிழமை மட்டும் இறங்கல."

"மரமும் பூசைக்குப் போகுது போல" என்றார் பேராசிரியர். "காரணம் சொல்லும்மா. இல்லாட்டி ஒரு கோட்டையும் நான் ஏத்துக்க மாட்டேன்."

"மரம் அங்குட்டு இங்குட்டு அசையல சார், நான் பாத்துக்கிட்டுத்தேன் இருக்கேன்" என்றேன்.

ஜனனி பெட்டியைத் திறந்தது. முள்ளுக்குப் பக்கத்தில், ஈரத்துணி சுற்றிய மண் கலயம்.

குழியிலிருந்து அற்புதம்மாள் ஓடி வந்தாள். "தாயி, சாச்சுப்புடாதீக! மோரு!"

"தொடக் கூடாதுன்னு எழுதியிருக்குல்லக்கா?"

"அதுனாலதேன் இங்குட்டு வச்சேன்! வெளிய வச்சா இந்தச் செம்மலையண்ணே மொதக்கொண்டு ஆளுக்கு ஒரு வாய் குடிச்சிருவாக. எழுத்தைப் பாத்தா ஒருத்தரும் கிட்ட வரமாட்டேங்கிறாக."

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஜனனியின் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

பேராசிரியர் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தார். "கருவி சரியாத்தான் இருக்கு. ஞாயித்துக்கிழமை அளந்தது மரம்; மத்த நாளெல்லாம் மோர்."

ஜனனி தரையில் உட்கார்ந்துவிட்டது. பிறகு மண்ணைத் தட்டி எழுந்து, "கத்திரி வெயில் இன்னும் இருக்கு சார். திரும்ப எடுக்கிறேன்" என்றது.

அங்கே கிடந்த பலகையில் மோருக்கென்று தள்ளி ஒரு பெட்டி அடித்தேன். 'மோர்' என்று எழுதப் போனவனை அற்புதம்மாள் தடுத்தாள். "ஊரைக் கூப்பிட்டு விருந்து வைக்கவா? பழையபடியே எழுதுங்க." எழுதினேன். இந்தத் தடவை 'கூ' நேராக நின்றது.

கத்திரி கழிந்ததும் ஜனனி காகிதங்களை மரத்தடியில் விரித்தது. கோட்டில் அந்தக் கிணறு காணாமல் போயிருந்தது. ஆனாலும் பகல் முழுக்க மரத்தின் கோடு வெட்டவெளிக் கோட்டுக்குக் கீழேயே போயிருந்தது, ஞாயிறு உட்பட. "மோர் அளவுக்கு இல்ல. ஆனா குளிருதுக்கா! சார் ஏத்துக்கிட்டாரு!"

அற்புதம்மாள் மரத்தை அண்ணாந்து பார்த்தாள். "வெறும் வயித்தோட இம்புட்டுக் குளிருதா? பாவம், அதுக்கும் ஒரு டம்ளர் ஊத்துவோம்" என்று கலயத்தைத் தூக்கினாள்.

ஜனனி பாய்ந்து போய் மரத்துக்குக் குறுக்கே நின்றது.