கண்ணாடி போட்ட வசனம்

சபையில் அவளுக்கு வசனக்காரி என்று பெயர். கேலிக்கு வைத்ததல்ல, மரியாதைக்கு வைத்தது. எந்த வசனத்தைப் பாதியில் விட்டாலும் மீதியைச் சொல்லி, அதிகாரத்தையும் எண்ணையும் சேர்த்தே ஒப்பித்துவிடுவாள். பிரசங்கத்தின் நடுவில் போதகரே தடுமாறினால் அவர் கண் அவள் பக்கம்தான் போகும். வேதத்தைக் கரைத்துக் குடித்தவள் என்று எல்லோரும் நம்பினார்கள். அவளும் நம்பினாள் என்பதுதான் கொடுமை.

அவள் நடத்தியது பிரேம் கடை. அச்சகத்திலிருந்து வரும் வசனத் தாள்களை வெட்டி, அட்டையில் ஒட்டி, கண்ணாடி போட்டு, சட்டம் அடித்து விற்பாள். எது கல்யாணத்துக்குப் போகும், எது புதுக்கடைத் திறப்புக்குப் போகும், எது நோயாளிக்குப் போகும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வெட்டி வெட்டியே அத்தனையும் மனப்பாடமாகிவிட்டது. ஒவ்வொரு வசனத்துக்கும் விலாசம் தெரியும். அதன் பக்கத்து வீட்டில் எந்த வசனம் குடியிருக்கிறது என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. அவளுடைய சொந்த வேதாகமத்தில் பொன் விளிம்புப் பக்கங்கள் பல இன்னும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுதான் இருந்தன. தனியாக உட்கார்ந்து படிக்க எங்கே நேரம், நாள் முழுக்க வசனத்தோடுதானே கிடக்கிறேன் என்பாள். வாசனை பிடித்தே வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்கிற சமையல்காரி மாதிரிதான்.

அவளுக்கு ஒரே அக்கா. அக்காவுக்கு ஒரே மகன். பெருங்காற்று அடித்த ஒரு மாலையில் பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர் சரிந்தது. வண்டிக்காகக் காத்துக்கொண்டிருந்த பிள்ளை அதன் அடியில் சிக்கிச் செத்துப்போனான். அடக்கம் முடிந்து வீட்டில் ஆட்கள் குறைந்த பிறகு, அக்கா தங்கையின் மடியில் தலையை வைத்து, என் பிள்ளைக்கு ஏன் இப்படி என்று கேட்டாள். அது பதில் கேட்கிற கேள்வியே இல்லை. வாயை மூடிக்கொண்டு தலையைத் தடவிக் கொடுத்திருந்தால் போதும். நம் ஆளிடம்தான் எதற்கும் பதில் கைவசம் இருக்குமே.

"எங்கயோ தப்பு நடந்திருக்குக்கா. காரணமில்லாம கர்த்தர் கை வைக்க மாட்டார். நீயும் அத்தானும் உட்கார்ந்து யோசிச்சுப் பாருங்க."

அக்கா மடியிலிருந்து தலையை எடுத்துக்கொண்டாள். அதோடு பேச்சு நின்றது. போன் செய்தால் அத்தான் எடுத்து, அவள் தூங்குகிறாள் என்பார். மாதக்கணக்கிலா ஒருத்தி தூங்குவாள்? வசனக்காரிக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள், கல்யாணமும் ஆகவில்லை. என்னுடையவள் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு இந்த உலகத்தில் அக்காவை விட்டால் நாதியில்லை. எப்படியாவது சேர்ந்துவிட வேண்டும். மன்னிப்புக் கேட்பது என்று ஒரு வழி உண்டு. அவளுக்கு அது பழக்கமில்லாத வழி. அதனால் ஒரு பிரேம் செய்தாள்.

கடையில் இருந்ததிலேயே நல்ல மரமாக எடுத்தாள். மூலைகளைத் தானே இழைத்துப் பொருத்தி, ஆணித் தலை தெரியாமல் மெழுகு பூசினாள். வசனத்தைத் தேடி அலையவில்லை. துவக்கம் அற்பமாக இருந்தாலும் முடிவு சம்பூரணமாக இருக்கும் என்பதுதான் கடையில் அதிகம் போவது. யோபு எட்டாம் அதிகாரம், ஏழாம் வசனம். ஆறுதலுக்கு இதைவிட என்ன வேண்டும்? இன்னொரு பிள்ளை பிறக்கும் என்று ஜாடையாகச் சொன்னது போலவும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

தனியாகப் போனால் கதவு திறக்காதோ என்ற பயத்தில், போதகரின் மனைவியையும் பெண்கள் வேத வகுப்பிலிருந்து இரண்டு பேரையும் துணைக்குக் கூட்டிக்கொண்டாள். பாஸ்டரம்மா என்றால் சபையில் எல்லோருக்கும் ஒரு நடுக்கம். அடுத்த மாதத்திலிருந்து அந்த வகுப்பையே வசனக்காரியின் பொறுப்பில் விடப்போவதாக அந்த அம்மாள்தான் சொல்லியிருந்தாள்.

அக்கா கதவைத் திறந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். தங்கையைப் பார்த்ததும் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். எல்லோருக்கும் டீ போட்டாள், தங்கைக்கு மட்டும் சர்க்கரை குறைத்துப் போட்டாள். அதைக்கூட மறக்காமல் இருக்கிறாளே என்று வசனக்காரி நினைத்துக்கொண்டாள்.

கூடத்து மூலையில் பிள்ளையின் படிக்கும் மேஜை. அதன் மேல் வேதாகமம் விரிந்து கிடந்தது, பக்கமெல்லாம் பென்சில் கோடு. இந்த அக்கா, பிரசங்கம் தொடங்கியதுமே கொட்டாவி விடுகிற ரகம். பிள்ளை போன பிறகு ஆளாளுக்கு வந்து சொன்ன ஆறுதல் எதுவும் ஒட்டாமல், நாமே பார்த்துவிடுவோம் என்று முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாளாம். விடிந்ததும் அந்தச் சின்ன நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுகிறாளாம். யோபுவை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கிறாள் என்று அத்தான் சொன்னார். இதைக் கேட்ட பிறகாவது பிரேமைப் பையிலேயே விட்டிருக்கலாம். வசனக்காரியோ, பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று சந்தோஷப்பட்டு அதை எடுத்து நீட்டினாள்.

அக்கா சுற்றியிருந்த தாளைப் பிரித்துப் படித்தாள். வெகுநேரம் படித்தாள். பிறகு, இதற்கு மேலே இருக்கிற வசனங்கள் என்ன என்று கேட்டாள். வசனக்காரி டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, நீயே சொல்லுக்கா என்றாள்.

அக்கா மேஜைக்குப் போகவில்லை. பார்க்காமலே சொன்னாள். இதைப் பேசுகிறவர் கடவுள் இல்லை, யோபுவின் சிநேகிதன் பில்தாத். பெருங்காற்றில் வீடு இடிந்து விழுந்து, யோபுவின் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே நாளில் செத்துப்போயிருக்கிறார்கள். புண்ணோடு சாம்பலில் உட்கார்ந்திருக்கிற அந்தத் தகப்பனிடம் வந்து, உன் பிள்ளைகள் பாவம் செய்தார்கள், அதற்கான தண்டனைக்குத்தான் போனார்கள் என்கிறான். அதே வாயால், அதே மூச்சில், முடிவு சம்பூரணமாக இருக்கும் என்கிறான்.

"அங்கயும் காத்துதான்," என்றாள் அக்கா.

பாஸ்டரம்மா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வசனக்காரியின் முகத்தைப் பார்த்தாள். கூட வந்த இரண்டு பேரும் பார்த்தார்கள்.

"நீ அன்னைக்குச் சொன்னதை நான் விட்டுட்டேன். அதனாலதான் கதவைத் திறந்தேன். இதைத் தெரியாம எடுத்துட்டு வந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லு. படிச்சதில்லக்கா, அச்சடிச்சு வந்ததை ஒட்டினேன்னு சொல்லு. நான் நம்புறேன்."

அதைவிடச் சுலபமான வாக்கியம் கிடையாது. தவிர, அதுதான் உண்மை. அக்காவின் கண் கெஞ்சியது. பிள்ளையைப் பறிகொடுத்தவள், தங்கையையும் பறிகொடுக்க மனமில்லாமல் கெஞ்சினாள். ஆனால் படித்ததில்லை என்று இந்த மூன்று பேர் காதில் விழுந்தால் என்ன ஆகும்? வகுப்பு போகும், பெயர் போகும். ஞாயிற்றுக்கிழமை போதகர் வேறு யாரையாவது பார்ப்பார். வசனக்காரி நாக்கை ஈரப்படுத்திக்கொண்டாள்.

"தெரியும்க்கா. தெரிஞ்சுதான் கொண்டுவந்தேன்."

அத்தான் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அக்கா பிரேமைப் பழையபடி தாளில் சுற்றினாள், ஓரங்களை மடித்தாள், தங்கையின் மடியில் வைத்தாள்.

"அப்ப, அன்னைக்குச் சொன்னதைத்தான் இன்னைக்குக் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்திருக்கே."

வாசல் வரை வந்தாள். போயிட்டு வா என்று சொல்லவில்லை. போ என்றாள்.

திரும்பும்போது காரில் பாஸ்டரம்மா அவள் கையைத் தட்டிக் கொடுத்தாள். கூடப் பிறந்தவள் என்றும் பார்க்காமல் முகத்துக்கு நேராகக் கண்டித்தாயே, அந்தத் துணிச்சல் யாருக்கு வரும் என்று மெச்சினாள். வகுப்பின் முதல் பாடமாக யோபுவையே எடுத்துவிடேன் என்றாள். வசனக்காரி தலையாட்டினாள்.

பாடம் எடுத்தாக வேண்டுமே. கடையைச் சாத்திவிட்டு, ஒட்டியிருந்த பக்கங்களை விரலால் பிரித்துப் பிரித்து, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு புத்தகத்தை முதலிலிருந்து முடிவு வரை படித்தாள். கடைசியில் கடவுள் சிநேகிதர்கள் மேல் கோபப்படுகிற இடம் வந்தது. நீங்கள் பேசியது சரியில்லை, யோபுவிடமே போங்கள், அவன் உங்களுக்காக வேண்டிக்கொள்வான் என்கிறார். பிள்ளைகளை இழந்தவன், தன்னைக் குத்திப் பேசினவர்களுக்காக வேண்டிக்கொள்கிறான். வசனக்காரி பக்கத்தின் மேல் நெற்றியை வைத்து அழுதாள். என்ன செய்ய வேண்டும் என்று இவ்வளவு தெளிவாக அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

வகுப்பு அன்று பாடம் பிரமாதம். அப்படி ஒரு பாடத்தை அந்தச் சபை கேட்டதில்லை என்றார்கள். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பின்வரிசையில் இருந்த தையல்காரி மட்டும் கையைத் தூக்கி, அவ்வளவு பேசினவர்கள் எந்த முகத்தோடு யோபுவின் வாசலில் போய் நின்றார்கள் என்று கேட்டாள்.

"போனாங்கன்னுதான் எழுதியிருக்கு," என்றுவிட்டு வசனக்காரி, அடுத்த பாடத்துக்கு என்ன படித்துவர வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தாள்.

அக்கா வீட்டுக்கு அவள் போகவே இல்லை.