லிடியா பார்த்தவை

காலைப் பூசைக்கு முதல் மணி அடித்ததும் ஞானராஜ் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். மழை இல்லாத நாளிலும் குடை எடுப்பது பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு வந்த பழக்கம். அவருடைய செருப்புச் சத்தம் தெருமுனை அடிகுழாயைத் தாண்டும்வரை ரோஸ்மேரி கதவருகே நின்றாள். பிறகு தாழ்ப்பாளைப் போட்டு, அடுப்பைச் சிறிதாக்கிப் பாலை வைத்துவிட்டு, கூடத்துக்கு வந்து டிவியைப் போட்டாள்.

ஐம்பத்தைந்து அங்குல டிவி. மேட்டுப்பட்டியில் அந்தச் சிறிய வீட்டின் கூடத்துச் சுவரில் முக்கால்வாசியை அதுவே எடுத்துக்கொண்டது. வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லையென்று ஞானராஜ்தான் போய் வாங்கி வந்தார். அதை மாட்டுவதற்காக இருதய ஆண்டவர் படத்தையும் அதன் சிவப்பு பல்பையும் எதிர்ச் சுவருக்கு மாற்றினார்கள். மகள் லிடியா முதல்முறை நற்கருணை வாங்கியபோது எடுத்த புதுநன்மைப் போட்டோவைக் கழற்றிப் பீரோவுக்குள் வைத்தார்கள். போட்டோ தொங்கிய ஆணியைப் பிடுங்க முடியவில்லை. அது டிவிக்குப் பின்னால் இன்னும் இருக்கிறது.

லிடியா வீட்டை விட்டுப் போய் ஏழு மாதமாகிறது. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் லாரி புக்கிங் ஆபீஸில் இருந்த விக்னேஷ்குமாரோடு போனாள். ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் முன்னால், இனி எனக்கும் இவளுக்கும் சம்பந்தமில்லை என்று ஞானராஜ் எழுதிக் கொடுத்தார். கரும்பலகையில் எழுதுவதுபோல அழகாக, எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு எழுதினார். அதோடு முடிந்திருக்கலாம். அவருடைய அண்ணன் மகன்கள் மறுநாள் மார்க்கெட்டுக்குப் போய், மூட்டை தூக்குகிறவர்கள் பார்க்க அந்தப் பையனைக் கன்னத்தில் அறைந்தார்கள். அந்த வாரமே இரண்டு பேரும் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். இருவரின் போன் எண்களும் செத்துப்போயின.

டிவியை மாட்ட வந்த இஷாக், அதில் வீடியோ பார்க்க அக்கவுண்ட் ஏற்ற ஒரு ஆண்ட்ராய்டு போன் கேட்டான். ஞானராஜிடமும் ரோஸ்மேரியிடமும் இருந்தவை பட்டன் போன்கள். ரோஸ்மேரி பீரோவைத் துழாவி, லிடியா விட்டுவிட்டுப் போன கண்ணாடி உடைந்த போனைச் சார்ஜ் போட்டுக் கொடுத்தாள். சற்று நேரத்தில் திரையின் மூலையில் ஊதா வட்டத்துக்குள் எல் என்ற ஆங்கில எழுத்து வந்து உட்கார்ந்தது. ஞானராஜ் அதைப் பார்த்தார். படம் தெளிவாக வருகிறதா என்று மட்டும் கேட்டார்.

மூன்றாம் நாள் டிவியைப் போட்டதும் முதலில் வரும் பக்கத்தின் அடியில், இந்த வீட்டில் யாரும் பார்க்காத வீடியோக்கள் வரிசையாக நின்றன. முப்பது நாளில் மலையாளம் பேசலாம் என்றது ஒன்று. சுவரில் ஸ்டாண்டைச் சரிசெய்ய இஷாக் திரும்ப வந்திருந்தான். ரோஸ்மேரி அவனிடம் மெதுவாக விசாரித்தாள்.

"இந்த அக்கவுண்ட்ட வச்சிருக்கவங்க அவங்க போன்ல என்ன பாத்தாலும் இங்க காட்டும்மா. இங்கருந்து நீங்க எதையாச்சும் தேடுனா அது அவங்களுக்கும் காட்டும். எடுத்துரவா?"

"வேணாம்ப்பா. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அன்றிலிருந்து அவளுக்கு அதுதான் கடுதாசி. எதையும் தொடமாட்டாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையைப் படிப்பாள். மகள் கேரளாவில் எங்கேயோ இருக்கிறாள் என்று தெரிந்தது. ஒற்றை அறை வீட்டில் அடுப்பு மேடை அமைப்பது எப்படி என்று பார்த்திருந்தாள், தனியாக அடுப்படி இல்லாத வீடு போலிருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே எவ்வளவு தூரம் பார்த்தாள் என்று ஒரு சிவப்புக் கோடு ஓடியது. பன்னிரண்டு நிமிடப் புளிக்குழம்பில் கோடு மூன்று நிமிடத்தில் நின்றிருந்தது. "பொறும கெட்டவ, தாளிச்சு முடிக்கிறதுக்குள்ள ஓடிட்டா" என்று ரோஸ்மேரி திரையைப் பார்த்துத் திட்டினாள். அன்று முழுக்க வீட்டில் ஆள் இருந்ததுபோல இருந்தது. ஞானராஜைப் பற்றிப் பயமில்லை. அவர் கண்ணாடியும் போடாமல், டிவியைப் போட்டதும் கேபிள் பெட்டிக்கு மாற்றிச் செய்திக்குப் போய்விடுவார்.

பிறகொரு ஞாயிற்றுக்கிழமை, கர்ப்பம் பார்க்கும் அட்டையில் இரண்டு கோடு வந்தால் அடுத்து என்ன செய்யலாம் என்ற வீடியோ. ரோஸ்மேரி நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு மஞ்சள் சேலை கட்டிய ஒரு டாக்டரம்மாதான் தினமும் வந்தார். முதல் மாதம், இரண்டாம் மாதம், குமட்டலுக்கு என்ன செய்வது. எல்லாமே பாதியில் நின்றன. அவள் பாதியில் விட்டதையெல்லாம் ரோஸ்மேரி அடுப்படியில் நின்றபடி மனதுக்குள் சொல்லி முடித்தாள்.

இன்றைக்கு டிவி கண் விழித்ததும் நான்கு புதிய படங்கள் இருந்தன. நான்கும் ஒரே விஷயம். மூன்றாம் மாதத்தில் உதிரப்போக்கு, பயப்பட வேண்டுமா. நான்கின் அடியிலும் சிவப்புக் கோடு கடைசிவரை ஓடியிருந்தது.

எதையும் முழுசாகப் பார்க்காதவள் இதை முழுசாகப் பார்த்திருக்கிறாள்.

ரோஸ்மேரிக்கும் இது நடந்ததுதான். லிடியாவுக்கு முன்னால் ஒன்று இதே மூன்றாம் மாதத்தில் தங்காமல் போனது. அன்று குழாயில் தண்ணீர் வந்த நாள். ஆறு குடம் தூக்கினாள். தூக்காதே என்று சொல்ல ஆள் இல்லை. லிடியாவுக்குச் சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள். பால் பொங்கி அடுப்பில் வழிந்து தீய்ந்த வாடை கூடம்வரை வந்தது. அவள் நகரவில்லை. இஷாக் சொன்னது நினைவுக்கு வந்தது. இங்கே தேடினால் அங்கேயும் காட்டும். ரிமோட்டில் மைக் படம் போட்ட பொத்தான் ஒன்று உண்டு, அதை அமுக்கிக்கொண்டு அவன் பேசியபோது திரையில் எழுத்து வந்தது. அவள் ரிமோட்டை வாயருகே கொண்டுபோய் அமுக்கினாள்.

"லிடியா, அம்மாடி. ஆஸ்பத்திரிக்குப் போ."

சொன்னது அப்படியே வெள்ளை எழுத்தில் திரையில் எழுந்தது. கீழே சம்பந்தமில்லாத பாட்டுகளும் நகைச்சுவைகளும் வந்து குவிந்தன. அவற்றை அவள் பார்க்கவில்லை. மறுபடி அமுக்கினாள்.

"படுத்தே இரு. வெயிட்டு எதையும் தூக்காத."

மூன்றாவது முறையும் அமுக்கினாள். பயப்படுவாள் என்று தோன்றியது. அதனால் அதையும் சொன்னாள்.

"பயப்படாத. அப்பாவுக்குத் தெரியாது."

அன்று பகல் முழுக்க அவளுக்குக் கை ஓடவில்லை. சோறு குழைந்தது. ஞானராஜ் அதையே தின்றார்.

மறுநாள் பூசை மணி அடித்து, குடை இறங்கிப் போய், தாழ்ப்பாள் விழுந்ததும் டிவியைப் போட்டாள். ஊதா வட்டம் இல்லை. அடியில் வரிசை இல்லை. வெள்ளைப் பலகையில் கறுப்புக் கட்டம் ஒன்றும், அதன் கீழே எட்டு ஆங்கில எழுத்துகளும், உள்நுழையவும் என்ற வார்த்தையும் இருந்தன. பீரோவிலிருந்து பழைய போனை எடுத்துச் சார்ஜ் போட்டாள். அதிலும் அக்கவுண்ட்டுக்குக் கடவுச்சொல் கேட்டது.

லிடியா பார்த்துவிட்டாள். பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டாள். கன்னத்தில் வாங்கின பையன் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான், வீட்டுக்காரங்க கண்டுபிடிச்சிட்டாங்க என்று சொல்லியிருப்பான். அதற்கு மேல் நினைக்கக் கூடாது என்றுதான் ரோஸ்மேரி பார்த்தாள். நினைப்பு நிற்கவில்லை. இருந்த இடம் தெரிந்துவிட்டதென்று இன்னேரம் வீட்டைக் காலி செய்துகொண்டிருப்பார்கள். ஒற்றை அறைதான் என்றாலும் கேஸ் சிலிண்டர் இருக்கும், அரிசிப் பை இருக்கும், துணி மூட்டை இருக்கும். அவனும் அவளும் ஆளுக்கொரு கையாகத் தூக்கிக்கொண்டு படியிறங்குவார்கள்.

கதவு தட்டப்பட்டது. ரோஸ்மேரி போய்த் திறந்தாள். டிவியை அணைக்க மறந்திருந்தாள். ஞானராஜ் குடையை மூலையில் சாத்திவிட்டு, நாற்காலியில் உட்காரப்போனவர் பாதியில் நின்றார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். திரைக்கு வெகு பக்கத்தில் போனார்.

"கீழ ஒரு வரிச வருமே. எங்க?"

அவள் கதவுத் தாழ்ப்பாளைப் போட்டாள்.

"நேத்து நாலு இருந்துச்சு" என்றார். குரல் அவருடையது போலவே இல்லை. "இன்னைக்கு எப்படி இருக்குன்னு தெரியணுமே. நீ எதையும் அமுக்குனியா ரோஸு?"

"இல்லங்க."

அவர் தலையாட்டினார். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். ரிமோட்டை எடுத்து, ஒவ்வொரு பொத்தானாகக் கண்ணுக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். மைக் படத்தின் மேல் கட்டைவிரல் வந்து நின்றது. அமுக்கவில்லை. எதிர்ச் சுவரின் சிவப்பு பல்பு திரையின் வெள்ளையில் ஒரு சிறு புள்ளியாக விழுந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் இருந்த எட்டு எழுத்துகள் சட்டென மறைந்தன. ஒரு சக்கரம் செத்த நேரம் சுற்றியது. பிறகு வேறு எட்டு எழுத்துகள் வந்து, யாராவது வருவார்கள் என்பதுபோல நின்றன.