ஔந்த் சங்கத்தின் அபஸ்வர மெஷின்

2004ஆம் வருடப் பொங்கல் பாட்டுப் போட்டி முடிந்ததும் புனேயின் ஔந்த் தமிழ் நண்பர் சங்கத்தில் பதினோரு குடும்பங்கள் ஒன்றோடொன்று பேசுவதை நிறுத்திவிட்டன. நடுவராக இருந்தவர் பம்பாய்க்கே குடிபோய்விட்டார். வேலை மாற்றம் என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை.

அதனால் அடுத்த வருடம் மனித நடுவர்களே வேண்டாம் என்று செயலாளர் கிருஷ்ணஸ்வாமி முடிவெடுத்தார். ரிடையரான ராணுவக் கணக்கு ஆபீசர், முடிவெடுத்தால் எடுத்ததுதான். நேரே மாடி வீட்டு ப்ரியம்வதாவிடம் வந்தார்.

"நீ சாஃப்ட்வேர்ல தானேம்மா இருக்கே? ஸ்ருதி விலகினா பீப்னு கத்தறாப்பல ஒரு மெஷின் பண்ணிக் குடு. கம்ப்யூட்டருக்கு மாமியார் கிடையாது, மச்சினி கிடையாது. பாரபட்சம் இருக்காது."

ப்ரியம்வதா ஆபீசில் மூன்று வருடமாக இன்ஷூரன்ஸ் படிவங்களோடு மாரடித்துக்கொண்டிருந்தாள். யாராவது ஏதாவது கேட்கமாட்டார்களா என்றிருந்தவள், உடனே சரி என்றுவிட்டாள்.

வேலை நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. மைக்கில் விழும் சத்தத்தை சவுண்ட் கார்டு துண்டு துண்டாக நறுக்கி, நொடிக்கு எண்பது தடவை நீட்டும். அதைக் கைநீட்டி வாங்க, சி என்ற கம்ப்யூட்டர் மொழியில் யாரோ எழுதிவைத்த லைப்ரரி ஒன்று இருந்தது. அது யாருக்காகவும் காத்திருக்காது. அவளுக்குப் பிடித்த மொழியோ பைத்தான்: எழுதச் சுகம், ஓடச் சோம்பல். இரண்டுக்கும் நடுவில் ஒரு இணைப்பு எழுதினாள். முதல் வாரம் ஸ்பீக்கரில் அப்பளம் பொரிந்தது. பிறகு ஒரு யோசனை தோன்றியது. வருகிற துண்டுகளை சி பக்கம் ஒரு வரிசையில் நிறுத்தட்டும். பைத்தான் தன் சௌகரியத்துக்கு ஒவ்வொன்றாக எடுத்துக் கணக்குப் போடட்டும். அப்பளச் சத்தம் நின்றது. சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வரிசை நீண்டுகொண்டே போனால் என்ன ஆகும் என்ற கேள்வி மட்டும் அவளுக்கு எழவில்லை.

ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகத்தையெல்லாம் தப்பென்று சொல்லிவிடக்கூடாதே என்று, நீட்டி நிற்கும் கார்வைகளை மட்டும் பார்க்கும்படி வைத்தாள். புருஷன் சாய்கிருஷ்ணாவைப் பாடச் சொன்னாள். நாலு வரிக்கு ஒன்பது பீப்.

"ரொம்ப நேர்மையா இருக்கு. வெளியில விடாதே," என்றான் அவன்.

விட்டாள். போட்டியன்று வீட்டுக் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போக முடியாதென்று சாய்கிருஷ்ணாவின் பழைய லேப்டாப்பில் எல்லாவற்றையும் ஏற்றினாள். பள்ளிக்கூட ஹாலில் "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று இருபது விநாடி சோதித்ததோடு சரி.

பெண்கள் பிரிவு. எல்லாருக்கும் ஒரே ஐந்து கட்டை ஸ்ருதி. முதல் பரிசு ஒரு டேபிள்டாப் கிரைண்டர். முதலில் பாடிய இரண்டு பேரும் நன்றாகவே பாடினார்கள். இருவருக்கும் சேர்த்து மூன்று பீப். கிருஷ்ணஸ்வாமி ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

மூன்றாவதாக அவர் மனைவி பாலாம்பாள் ஏறினாள். அவள் பாட்டில் வார்த்தை சுத்தமாக இருந்தது, பக்தி நிறைய இருந்தது, ஸ்ருதி மட்டும் வேறு ஊரில் இருந்தது. முன்வரிசையில் ஒருவர் செருப்பைத் தேடுகிற பாவனையில் குனிந்தவர் நிமிரவேயில்லை. ஆனால் மெஷின் மூச்சுவிடவில்லை. பாட்டு முடிந்தது. பூஜ்யம் பீப். ஹால் முழுக்க முதலில் செயலாளரைப் பார்த்தது, அப்புறம் ப்ரியம்வதாவைப் பார்த்தது. அவளுக்குக் காது சுட்டது.

அடுத்தது நீலா. புனேயிலேயே பிறந்து வளர்ந்து, அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவள். எடுத்த எடுப்பில் ஒரு ஷட்ஜம் பிடித்தாள், கம்பி மாதிரி.

பீப்.

கண்ணைத் திறந்தாள். தொடர்ந்தாள். பீப். பீப் பீப். பல்லவி முடிவதற்குள் எட்டு. நீலா சட்டென்று நிறுத்தினாள்.

பீப்.

"அரே, காய் சாலலய் ஹே? என்ன நடக்கறது இங்கே? நான் வாயையே தொறக்கலை, அது பாட்டுக்குக் கத்திண்டிருக்கே!"

ப்ரியம்வதா திரையைப் பார்த்தாள். காத்திருக்கும் துண்டுகளின் எண்ணிக்கை ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் அது இரண்டு, மூன்றைத் தாண்டியதில்லை. இப்போது இருபதாயிரத்தை நெருங்கியிருந்தது. பழைய லேப்டாப்பில் இரண்டு நிமிஷப் பாட்டைக் கணக்கிட பைத்தானுக்கு மூன்று நிமிஷம் ஆகியிருக்கிறது. கரண்ட் போய்விட்டது என்று சொல்லி மூடிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். தலைக்கு மேல் ஆறு ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தன. எழுந்து நின்றாள்.

"மாமா, மெஷின் பின்தங்கிடுத்து. இப்ப கத்தறது நீலாவுக்கு இல்லை. நாலு நிமிஷம் முன்னாடி பாடினவாளுக்கு."

நாலு நிமிஷம் முன்னால் பாடியது யார் என்று எல்லாருக்கும் தெரியும். கிருஷ்ணஸ்வாமி நோட்டை மூடினார்.

"அதெல்லாம் ஒத்துக்க முடியாது. மெஷின் முடிவே இறுதியானதுன்னு நோட்டீஸ்லயே போட்டிருக்கு."

"சித்த சும்மா இருங்கோ," என்று பாலாம்பாள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். "முப்பத்தாறு வருஷத்துல என் பாட்டை ஒரு நாளாவது ரூம்ல உக்காந்து முழுசாக் கேட்டிருக்கேளா? எனக்கு ஒரு பீப்கூட வரலைங்கறப்பவே மெஷின் ரிப்பேர்னு தெரிஞ்சுபோச்சு. கிரைண்டர் கிடைக்கட்டுமேன்னு வாயை மூடிண்டிருந்தேன்."

பீப்.

"கேட்டேளா? அனுபல்லவிக்கு வந்துடுத்து."

ஹால் அதிர்ந்தது. செருப்புத் தேடியவரும் நிமிர்ந்து சிரித்தார். ப்ரியம்வதா மைக் ஒயரைப் பிடுங்கினாள். ஆனாலும் வரிசையில் நின்றது தீரவேண்டுமே. ஒவ்வொரு பீப்புக்கும் பின்வரிசை கைதட்டி எண்ணியது. முப்பத்தொன்றில் நின்றது. பாலாம்பாள் கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

நீலா மெஷின் இல்லாமல் முதலிலிருந்து பாடினாள். பேசாமலிருந்த பதினோரு குடும்பங்களும் அவளுக்கே கைதூக்கின. கிரைண்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். கிருஷ்ணஸ்வாமி அன்று வடைகூடச் சாப்பிடவில்லை.

அடுத்த வாரமே ப்ரியம்வதா ஸ்ருதிக் கணக்கு முழுவதையும் சி பக்கம் தள்ளினாள். வரிசைக்கும் ஒரு எல்லை வைத்தாள்; பழைய துண்டானால் எறிந்துவிட வேண்டியதுதான். பைத்தானுக்குக் கத்துகிற வேலை மட்டும். அதே லேப்டாப்பில், தப்பிய மறு நொடியே பீப் வந்தது. போய்ச் சொன்னபோது, அடுத்த வருடம் கோலப் போட்டி மட்டும்தான் என்றார் செயலாளர்.

ஆனால் ஒரு சனிக்கிழமை காலை பாலாம்பாள் ஸ்ருதிப் பெட்டியோடு வாசலில் நின்றாள்.

"மெஷின் சரியாயிடுத்தாமே? அவர் தப்புன்னு சொன்னா எனக்குக் கோவம் வரது. இது சொன்னா வரலைடி. அரை மணி உக்காந்துக்கறேன், உனக்குத் தொந்தரவில்லையே?"

ப்ரியம்வதா மைக்கைச் செருகினாள். சாய்கிருஷ்ணா பையை எடுத்துக்கொண்டு காய்கறி வாங்கக் கிளம்பிவிட்டான்.