மேல்பல்

பல்லைக் காணவில்லை. சப்பாத்து அலமாரிக்கு அடியில் ஹரீஷ் கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்தான். தூசி கிடந்தது, ஒற்றைக் காலுறை கிடந்தது, போன வருஷம் அக்கா வீடெல்லாம் தேடிய தோட்டுத் திருகாணிகூடக் கிடந்தது. பல் மட்டும் இல்லை. அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேஷ்வினி விக்கிக் கொண்டிருந்தாள். அவளுடைய எச்சிலும் இரத்தமும் சேர்ந்து அவன் பனியனை நனைத்திருந்தன. சமையலறை மேசையில் ஒரு குவளைப் பால் தயாராக இருந்தது. விழுந்த பல்லைப் பாலில் போட்டு எடுத்துப் போக வேண்டும் என்று அவன் வேலை செய்யும் புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் நடந்த முதலுதவி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அது வளர்ந்தவர்களின் பல்லுக்குத்தான், பால்பல்லுக்கு இல்லை என்று சொன்ன நேரத்தில் ஹரீஷ் ஐயா தூங்கியிருக்க வேண்டும்.

தேஷ்வினி அவனுடைய அக்கா காமினியின் மகள். ஒன்றரை வயது. சனிக்கிழமைகளில் காமினிக்குக் கெலுகோரில் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை இருக்கும். அவள் கணவர் லாரியில் ஜொகூருக்குப் போனால் ஞாயிறுதான் திரும்புவார். ஆகவே சனிக்கிழமை முழுக்கச் சுங்கை பினாங் அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடியில் மாமனும் மருமகளும்தான். பிள்ளைக்கு எத்தனையோ பொம்மைகள் இருந்தும் ஆசையெல்லாம் மாமாவின் வேலைச் சப்பாத்தின் மேல்தான். முன்பக்கம் இரும்பு வைத்த கனத்த கறுப்பு பூட்ஸ். அதற்குள் இரண்டு காலையும் விட்டால் தொடைவரை ஏறிவிடும். ஹரீஷ் அவள் கையைப் பிடித்துக்கொள்ள, டக் டக்கென்று கூடத்தைச் சுற்றி வருவாள், ஏதோ ஆய்வுக்கு வந்த அதிகாரி மாதிரி. அன்றைக்கு அவளாகவே நடப்பாளா பார்க்கலாம் என்று கையை விட்டான். மூன்று எட்டு வைத்தாள். அவன் கைதட்டினான். நான்காவது எட்டில் வாய் நேராக அலமாரி விளிம்பில் போய் இடித்தது.

எந்தப் பிள்ளைக்கும் நடக்கக்கூடியதுதான். ஆனால் போனது எந்தப் பல் என்பதில்தான் ஹரீஷின் பயமெல்லாம் இருந்தது. தேஷ்வினிக்கு முதலில் முளைத்தது மேல்பல். மேல்பல் முதலில் வந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள். அந்த வெள்ளைப் பொட்டு தெரிந்த அன்றே மீனாட்சி பெரியம்மா பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி வந்துவிட்டார். பரிகாரம் முடிகிறவரை ஹரீஷ் பிள்ளை முகத்தில் விழிக்கக்கூடாது, வேறு வாடகை அறை பார்த்துக்கொள்ளட்டும் என்றார். காமினி எழுந்து போனாள். அறைக்குள் ஒளிந்திருந்த தம்பியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தாள். பிள்ளையை அவன் மடியில் போட்டு, "விரலை வாயில வச்சுப் பாரு. எப்படிக் கடிக்கிறா பாரு" என்றாள். பெரியம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். பிள்ளை கடித்தாள். அன்றிலிருந்து அவன் ஆள்காட்டி விரல் அவளுடைய சொத்தாகிவிட்டது. அவன் வேலை முடிந்து கடற்பாலம் தாண்டி வந்து கைகழுவும் வரைகூடப் பொறுக்க மாட்டாள்.

அந்தப் பல்லைத்தான் இப்போது காணவில்லை. அக்கா ஊர் வாயை எதிர்த்து அவன் பக்கம் நின்றாள். அவனோ மூன்று எட்டுக்குக் கைதட்டிவிட்டு எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டான். இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு சனிக்கிழமை பிள்ளையைக் கொடு என்று கேட்பது?

நாலு தரம் அக்காவின் எண்ணை அழுத்தப் போய், ஐந்தாவது தரம்தான் அழுத்தினான். "அக்கா, பாப்பா நடந்துக்கிட்டு இருந்தா. விழுந்துட்டா. மேல்பல்லு போச்சு. முழுங்கிட்டாளான்னு தெரியல." பூட்ஸைப் பற்றி வாய் திறக்கவில்லை. குளியலறையில் வழுக்கியது என்று சொல்லிவிடலாமா என்றும் ஒரு யோசனை ஓடியது.

"மயக்கம் கியக்கம் வந்துச்சா? வாந்தி?"

"இல்லக்கா. அழுதுக்கிட்டே இருக்கா."

"அழட்டும், நல்லதுதான். சுத்தமான துணிய நனைச்சு வாயில ஒத்தி வை. மோட்டார் சைக்கிள்ல ஏத்திடாத. இஸ்மாயில் அண்ணே காடி கீழதான் இருக்கும், கேளு. நான் நேரா பல் கிளினிக்குக்கு வந்துடுறேன்." வைத்துவிட்டாள். ஹரீஷ் துணியைத் தேடி ஓடினான். அக்காவின் குரல் எதிரே நின்று பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது அவனுக்கு. பெற்றவள் நடுங்க வேண்டிய நேரத்தில் அவள் நடுங்கவில்லை. எப்படித்தான் முடிகிறதோ.

பக்கத்து வீட்டு இஸ்மாயில் கேள்வி எதுவும் கேட்காமல் கார் சாவியை எடுத்தார். வழியில் மட்டும், "என் மவன் ரெண்டு பல்ல உடைச்சவன்தான் தம்பி. இப்ப கல்யாணமே ஆயிடுச்சு" என்றார். ஹரீஷ் மடியில் பிள்ளை, கையில் இன்னும் அந்தப் பால் குவளை. ஒவ்வொரு போக்குவரத்து விளக்கிலும் கார் நிற்க நிற்கப் பால் தளும்பி அவன் கால்சட்டையில் கொட்டியது.

காமினி அவர்களுக்கு முன்பே வந்து வாசலில் நின்றாள். நூலகத்து அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது. மகளை வாங்க வந்தவள் முதலில் தம்பி கன்னத்தில் காய்ந்திருந்த இரத்தத்தை முந்தானையால் துடைத்தாள். குவளையைப் பார்த்தாள். "பசியாறாம வந்துட்டியா?" என்றாள். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினான்.

டாக்டர் சுபாஷினி நாற்பது வயதுக்காரர், அவசரப்படாதவர். "எப்படி விழுந்தா, எதுல இடிச்சுச்சுன்னு சரியா சொல்லணும். அத வச்சுத்தான் பல்லு எந்தப் பக்கம் போயிருக்கும்னு பாக்கணும்" என்றார்.

ஹரீஷ் தரையைப் பார்த்தான். "என் வேலை பூட்ஸ நான்தான் மாட்டி விட்டேன் டாக்டர். கையையும் விட்டுட்டேன். சப்பாத்து அலமாரி விளிம்புல இடிச்சா." பிறகு, "அக்காகிட்ட இத சொல்லல" என்றான்.

காமினி அவனைப் பார்க்கவில்லை. டாக்டர் தன் நாற்காலியை இழுத்து எதிரே இன்னொன்றைப் போட்டார். இருவர் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார வேண்டும். நடுவில் பிள்ளையை மல்லாத்த வேண்டும். தலை டாக்டர் மடியில், கால் பெற்றவள் மடியில். கைகளைப் பெற்றவள் பிடித்துக்கொள்ள வேண்டும். "அம்மா உக்காருங்க" என்றார்.

காமினி அந்த நாற்காலியைத் தம்பி பக்கம் தள்ளினாள். "இவன் உக்காரட்டும் டாக்டர். காலையிலருந்து இவன்கிட்டத்தான் ஒட்டிக்கிட்டு இருக்கா. இவன் புடிச்சா திமிர மாட்டா." பிறகு அவனிடம், "கைய கெட்டியா புடி. இப்ப விட்றாத" என்றாள். அதில் கோபம் இருந்தது. கோபத்தை அப்படியே வைத்துக்கொண்டுதான் அவள் பிள்ளையை அவன் மடியில் கிடத்தினாள். அந்த ஒரு நிமிஷத்தை அவன் சாகிறவரை மறக்க மாட்டான்.

தேஷ்வினி அலறினாள். ஆனாலும் மாமா முகம் மேலே தெரிந்ததால் வாயைத் திறந்தாள். டாக்டர் உதட்டைத் தூக்கிப் பார்த்தார், ஈறை மெல்லத் தடவினார். "பல்லு எங்கேயும் போகல. மேல ஈறுக்குள்ள ஏறிடுச்சு" என்றார். எக்ஸ்ரேயில் அது தெரிந்தது. வீடெல்லாம் தேடிய பல் பத்திரமாக ஈறுக்குள் உட்கார்ந்திருந்தது. வேர் உதட்டுப் பக்கம் சாய்ந்திருக்கிறது, உள்ளே வளரும் பெரிய பல்லை இடிக்கவில்லை, அதனால் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். சில மாதம் பிடிக்கும். சீழ் கட்டினாலோ இறங்காமலே நின்றாலோதான் எடுக்க வேண்டியிருக்கும். மெத்தென்ற சாப்பாடு, மிருதுவான பிரஷ், பொறுமை. "பொறுமைதான் சுசா, அதுதான் கஷ்டம்" என்று டாக்டர் சிரித்தார்.

வீடு திரும்புவதற்குள் செய்தி கடல் தாண்டியிருந்தது. காமினி கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டுச் சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்ததால் பெரியம்மாவின் குரல் கூடமெல்லாம் கேட்டது. "நான் சொன்னா கேக்கல. இப்பவாவது புடுங்கிடச் சொல்லு. மாமனுக்கு வந்தது பல்லோட போச்சுன்னு இருக்கட்டும்லா. தம்பி நல்லா இருக்க வேணாமா உனக்கு?"

தன் நன்மைக்காகப் பிள்ளை பொக்கை வாயோடு திரிய வேண்டுமா என்று ஹரீஷுக்கே பற்றிக்கொண்டு வந்தது.

"அந்தப் பல்லு திரும்பி வரும் பெரியம்மா" என்றாள் காமினி, சோற்றிலிருந்து கையெடுக்காமல். "இந்தத் தடவையும் மேலதான் வரும். எந்தம்பிதான் மொதல்ல பாப்பான்."

பிறகு காத்திருப்புதான். ஹரீஷ் பூட்ஸைத் தூக்கி அலமாரி உச்சியில் வைத்தான். அலமாரி விளிம்புகளில் ரப்பர் ஒட்டினான். தினமும் ராத்திரி மருமகள் உதட்டைத் தூக்கி விளக்கடித்துப் பார்ப்பான். அவளும் அதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டு அவன் உதட்டைத் தூக்கிப் பார்ப்பாள். ஈறு நீலமாக இருந்தது, பிறகு சிவந்தது, பிறகு வெறுமனே இருந்தது. ஒரு மாதம் போயிற்று. பொங்கல் போயிற்று. ஒவ்வொரு வெள்ளி இரவும், நாளைக்கு அக்கா வேறு ஆளிடம் விட்டுப் போய்விடுவாளோ என்று அவனுக்கு ஒரு பயம் வரும். ஒவ்வொரு சனிக்கிழமையும் காமினி பிள்ளையை அவன் கையில் கொடுத்துவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று லிஃப்டுக்கு ஓடுவாள்.

ஆனால் அவன் அந்த ஆள்காட்டி விரலை மட்டும் கொடுக்கவே இல்லை. அவள் கேட்டு வாயைத் திறந்தால் கன்னத்தைத் தட்டிவிட்டு எழுந்துவிடுவான். ஈறுக்குள் இருப்பதை இடித்துவிட்டால்?

தைப்பூசம் முடிந்த சனிக்கிழமை. சாலையோரம் உடைத்த தேங்காய்களின் புளித்த வாசம் ஒன்பதாவது மாடிவரை வந்துகொண்டிருந்தது. அன்று காமினிக்கு விடுமுறை. ஹரீஷ் குளித்து வந்தபோது பூட்ஸ் கூடத்தின் நடுவில் இருந்தது. அதற்குள் தேஷ்வினி நின்றுகொண்டிருந்தாள்.

"நான்தான் எடுத்துக் குடுத்தேன்" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "மூணு மாசமா மேலயே பாத்துக்கிட்டு நிக்கிது பிள்ளை. நீ கையப் புடிச்சுக்க, நடக்கட்டும்."

அவன் மண்டியிட்டு இரண்டு கைகளையும் நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டாள். டக். டக். கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி அலமாரி முன்னால் வந்து நின்றாள். அவன் வலது கையைத் தன் முகத்துக்கு இழுத்தாள். அவன் எடுக்கப் பார்த்தான், அவள் விடவில்லை. ஆள்காட்டி விரலைத் தேடிப் பிடித்து வாய்க்குள் விட்டுக்கொண்டாள்.

கீழே பற்கள் அழுந்தின. மேலே பல் போன இடத்தில் ஈறு வழவழவென்று இருந்தது. அந்த இடைவெளியில் ஏதோ ஒன்று, நொய்யரிசி அளவில், சொரசொரப்பாக விரலைத் தொட்டது.

அக்கா என்று கூப்பிட வாயெடுத்தவன் கூப்பிடவில்லை. மறுபடியும் தொடுகிறதா என்று விரலை அசைக்காமல் வைத்திருந்தான். சமையலறையில் கடுகு வெடித்துக்கொண்டிருந்தது. பூட்ஸுக்குள் தொடைவரை புதைந்து நின்ற தேஷ்வினி, மாமாவின் கண்ணையே பார்த்தபடி, இன்னும் கொஞ்சம் அழுத்திக் கடித்தாள்.