ஐந்நூற்று அறுபத்தாறு தலை

கெங்கம்மாவின் நோட்டில் ஐந்நூற்று அறுபத்தாறு பேர் இருந்தார்கள். தெருவில் அவ்வளவு பேர் கிடையாது. இது தெருவுக்கே தெரியும். தண்ணி டிப்போவுக்கு மட்டும்தான் தெரியாது.

கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் யார்டு மதிலை ஒட்டிய தெரு அது. அறுபத்தோரு வீடு. இரண்டாயிரத்து ஒன்று கோடையில் குழாயில் காற்று மட்டும் வர ஆரம்பித்ததிலிருந்து லாரித் தண்ணிதான் கதி. தலைக்கு இரண்டு குடம் என்று டிப்போவில் கணக்கு வைத்தார்கள். தலைகளை எழுதிக் கொடுக்கும் வேலை கெங்கம்மாவிடம் வந்தது. யார்டில் வேகனிலிருந்து மூட்டை இறக்கும்போது சிந்துகிற சிமெண்டைக் கூட்டி அள்ளுகிறவள் அவள். ஒரு குரல் கொடுத்தால் நாலாவது தண்டவாளத்தில் ஷண்டிங் எஞ்சின் டிரைவர் திரும்பிப் பார்ப்பான். தெருவுக்கு அந்தத் தகுதி போதுமானதாக இருந்தது.

பட்டியல் எழுதிய அன்று பக்கத்து வீட்டு ரசூல் பீவி, "எங்க மாமியார எய்திக்கோ" என்றாள்.

"அது மவுத்தாயி மூணு வருசம் ஆவுதே!"

"நாப்பது வருசம் இந்தத் தெருவுல தண்ணி புடிச்ச மனுசி. ஒரு குடம் குடுக்க உனுக்கு மனசு வர்லியா?"

கெங்கம்மா எழுதிக்கொண்டாள். சவுதியில் இருக்கும் ரசூல் பீவியின் அண்ணனையும் எழுதிக்கொண்டாள். அடுத்து 'சுல்தான், வயது இரண்டு' என்று வந்தபோதுதான் பேனாவை நிறுத்தினாள்.

"இது உன் ஆடுதானே?"

"ஏன், ஆடு தண்ணி குடிக்காதா?"

கெங்கம்மா சுல்தானையும் எழுதிக்கொண்டாள். இப்படித்தான் தெரு இரண்டு மடங்காகப் பெருகியது. தினமும் இரண்டு லாரி வந்தது. பட்டியல்படி ஆயிரத்து நூற்று முப்பத்திரண்டு குடம் வரிசையில் உட்காரும். அதில் பாதி ரொம்பியதுமே தண்ணி தீர்ந்து லாரி ட்யூப் மூச்சு விட்டுவிடும். யாரும் வாய் திறந்ததில்லை. பொய்க் கணக்கு கொடுத்துவிட்டுக் குறைச்சலைப் போய்க் கேட்பது எப்படி? நிஜமான தலைகளுக்குத் தட்டில்லாமல் வந்ததே பெரிசு என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஒரு சாயங்காலம் மகள் மகிழினி சோற்றைப் பிசைந்துகொண்டே பள்ளிக்கூடத்துக் கதையைச் சொன்னாள். ஒன்பதாம் வகுப்பு. கணக்கு டீச்சர் ஹில்டா புள்ளியியல் நடத்த ஆரம்பித்திருந்தார். பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அந்த வருஷத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வெளியான பேப்பரைக் கொண்டுவந்து, சென்னையில் குடும்பத்துக்குச் சராசரியாக நாலரை பேர் என்று போர்டில் போட்டுக் காட்டினாராம்.

"அந்த அரை ஆளு யாருன்னு கேட்டாங்கோ. முபாஷிர் எய்ந்து, 'எங்க நைனாதான் டீச்சர். கன்டெய்னர் ஓட்றாரு, மாசத்துல பாதி நாளுதான் வூட்ல கீறாரு'ன்னான். டீச்சருக்கு சிரிப்பு தாங்கல. அதையே வச்சி ஒரு மணி நேரம் நடத்துனாங்கோ."

"நல்லா நடத்தறாங்கடி உங்க டீச்சர்" என்று கெங்கம்மா இன்னொரு கரண்டி குழம்பு விட்டாள்.

"அப்புறம் நம்ம தெருவ எண்ணிகினு வரச் சொன்னாங்கோ."

கரண்டி சட்டிக்குப் போகாமல் பாதியில் நின்றது.

பிள்ளைகள் வீடு வீடாகப் போகவில்லை. அதற்கு எதற்கு அலைச்சல்? காலையில் லாரி வருமுன் வரிசையில் இருந்த குடங்களை எண்ணி இரண்டால் வகுத்துவிட்டார்கள். ஐந்நூற்று அறுபத்தாறு பேர், வீட்டுக்கு ஒன்பதேகால் என்று வந்தது. ஹில்டா டீச்சர் நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டார். பிப்ரவரியில் அதே தெருவில் கணக்கெடுக்க வந்தவரே அவர்தான். அன்றைக்கு மொத்தம் இருநூற்று எண்பத்தேழு பேர். ஆறு மாசத்தில் இருநூற்று எழுபத்தொன்பது பேர் பிறந்தார்களா என்று கேட்டு, ராத்திரிச் சோற்றுக்கு உட்காருகிற ஆளை வீடு வீடாகப் போய் எண்ணச் சொல்லியிருக்கிறார்.

"எண்ணுனீங்களா?"

"எண்ணிட்டோமே. இருநூத்தித் தொண்ணூத்தியொண்ணு. பெரிய தாள்ல கலர் அடிச்சி எய்தியாச்சி. சனிக்கெயம கண்காட்சி."

"கண்காட்சியா? யாரு வர்றா?"

"தண்ணி டிப்போ என்ஜினீயர். ஸ்கூலுக்கு டேங்க் வோணும்னு எச்செம் கூப்ட்டுகிறாரு."

கெங்கம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். ஐந்நூற்று அறுபத்தாறுக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருப்பது அவள். தாளை அந்த ஆள் பார்த்தால் இரண்டு லாரி ஒன்றாகிவிடும். அந்த ஒன்றும் பாதியில் மூச்சு விட்டால் தலைக்கு ஒரு குடம்தான் தேறும். அதில் குடிப்பதா, குளிப்பதா?

மறுநாள் வேலைக்குப் போகாமல் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். தலையில் சிமெண்ட்தூசு படிந்த துண்டோடு வந்து நின்றவளுக்கு ஹில்டா டீச்சர் நாற்காலி போட்டார். கெங்கம்மா உட்காரவில்லை.

"டீச்சர், அந்தத் தாள மட்டும் கீய எறக்கிடுங்கோ."

"ஏம்மா? புள்ளைங்க நாலு சாயங்காலம் அலைஞ்சு எண்ணினது."

"எண்ணுனது ரைட்டு. அதான் பேஜாரு."

விஷயத்தைக் கேட்ட ஹில்டா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஆட்டையும் எழுதினீங்களா?"

"ஒரே ஒரு ஆடுதான் டீச்சர்."

"நான் எப்படிம்மா பொய்யை எழுதச் சொல்லிக் குடுப்பேன்?"

"பொய் சொல்ல வேணாம் டீச்சர். கம்முனு இருந்தாப் போதும்."

ஹில்டா கம்மென்று இருந்தார். ஆனால் தாளை இறக்கவில்லை.

சனிக்கிழமை காலை கெங்கம்மா ரசூல் பீவியையும் இழுத்துக்கொண்டு முதல் ஆளாகப் போனாள். இரண்டு பேரும் தாளுக்கு முதுகைக் காட்டிச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். ரசூல் பீவி அகலமான ஆள், பாதித் தாளை அவளே மறைத்தாள். தலைமையாசிரியர் கிருஷ்ணப்பன் என்ஜினீயருக்கு மாலை போட்டு, ரப்பர் மரத் துண்டு, உப்புப் படிகம் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார். இவர்களிடம் வந்ததும் நின்றார்.

"கொஞ்சம் நகர்ந்துக்கோங்கம்மா. சார் பாக்கணும்."

"இருக்கட்டும் சார். தலைய சுத்துது" என்றாள் கெங்கம்மா.

"எனக்கும்" என்றாள் ரசூல் பீவி.

"ரெண்டு பேருக்குமா?"

"ஒரே வெய்யில்தானே சார்."

என்ஜினீயர் எட்டிப் பார்த்தார். ரசூல் பீவியின் தோளுக்கு மேலே இருநூற்றுத் தொண்ணூற்றொன்று சிவப்பு மையில் எழுந்து நின்றது. "எந்தத் தெரு இது?" என்று கேட்டவர், கையிலிருந்த டைரியைப் புரட்டினார். "எங்க லிஸ்டுல ஐந்நூத்தி அறுபத்தாறு இருக்கே!"

கெங்கம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"சார், இன்னொரு தாளும் கீது" என்று மகிழினியின் குரல் கேட்டது. மகளை அங்கேயே அறையலாம் போல இருந்தது அவளுக்கு. மகிழினி மேசைக்கடியிலிருந்து சுருட்டி வைத்ததை எடுத்து விரித்தாள். "ஒரு கணக்க நம்ப முடியலன்னா இன்னொரு கணக்கால சோதிச்சிப் பாருங்கன்னு டீச்சர் சொன்னாங்கோ. அதனால ரொம்புன குடத்தையும் எண்ணுனோம் சார்."

"ரொம்பின குடமா?"

"லாரி மேல ஒம்போதாயிரம் லிட்டர்னு எய்திகீது. ஒரு குடம் பதினஞ்சு லிட்டர். ஒரு லாரிக்கு அறுநூறு குடம் ரொம்பணும், ரெண்டு லாரிக்கு ஆயிரத்தி இருநூறு. ஏயு நாளு எண்ணுனோம். சராசரி ஐநூத்தி எம்பத்தி மூணு."

என்ஜினீயர் கழுத்து மாலையைக் கழற்றி மேசையில் வைத்தார். "வழியில சிந்தியிருக்கும்மா. குடம் மாத்தறப்பவும் சிந்தும்."

"குடம் மாத்தறப்ப சிந்துறத பக்கெட் வச்சிப் புடிச்சிப் பாத்தோம் சார். பத்து குடம் வரும். மீதி அறுநூறு குடமும் வயில சிந்துனா தண்டையார்பேட்டைல வெள்ளம்ல வந்திருக்கும்?"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். கெங்கம்மா சிரிக்கவில்லை. விரல் மடக்கிக்கொண்டிருந்தாள். ஐந்நூற்று எண்பத்து மூன்றில் பாதி எவ்வளவு? இருநூற்றுத் தொண்ணூற்றொன்றரை. சிவப்பு மையில் இருந்த தலைகளுக்கு இரண்டிரண்டு குடம், மேலே ஒரே ஒரு குடம். நாலு மாசமாகத் திருடி என்று நினைத்துத் தலை குனிந்து குடம் தூக்கியிருக்கிறாள். பார்த்தால் வரவேண்டியதற்கு மேல் ஒரு குடம்தான் வந்திருக்கிறது. அவள் சுவரை விட்டு நகர்ந்தாள். தலைச்சுற்றல் போயிருந்தது.

என்ஜினீயரும் கணக்குத் தெரிந்தவர்தான். சட்டென்று குரலை மாற்றினார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. லிஸ்டைத் திருத்திடலாம். இருநூத்தித் தொண்ணூத்தியொண்ணுக்கு ஒரு லாரி, முழுசா. அறுநூறு குடம். இப்ப வர்றதைவிடப் பதினேழு குடம் அதிகம். என்னம்மா, லாபம்தானே?"

கிருஷ்ணப்பன் கைதட்டத் தயாரானார்.

"முயுசா வரும்னு யாரு சார் சொல்றது?" என்றாள் கெங்கம்மா.

"நான் சொல்றேன்ல?"

"நீங்கோ சொல்றது ஒரு தபா. புள்ளைங்க பதினாலு லாரி எண்ணிகிதுங்க. பதினாலும் வேற மாதிரி சொல்லுது."

கிருஷ்ணப்பன் கையை மெல்ல இறக்கிவிட்டார். ஹில்டா டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"அப்போ பொய் லிஸ்ட் அப்படியே இருக்கட்டுங்கிறியா?"

"உங்க லாரி நெசமாகற வரைக்கும் எங்க லிஸ்ட் அப்டியே கெடக்கட்டும் சார். லிஸ்ட் மட்டும் நெசமானா நாங்க செத்துப்போவோம்."

என்ஜினீயர் ரப்பர் மரத் துண்டைப் பார்த்தார், உப்பைப் பார்த்தார், மணியைப் பார்த்தார். லிஸ்டில் கை வைக்கவில்லை. பள்ளிக்கூடத்து டேங்க் பற்றி யோசிப்பதாகச் சொல்லிவிட்டு டீயைப் பாதியில் வைத்துப் போய்விட்டார். அன்று முழுக்கக் கிருஷ்ணப்பன் ஹில்டாவோடு பேசவில்லை.

திங்கட்கிழமை இரண்டு லாரியும் தளும்பத் தளும்ப வந்தன. வரிசையில் இருந்த அத்தனை குடமும் ரொம்பி மேலும் ஓடியது. தெருவில் பிள்ளைகளுக்கு இரண்டு தடவை குளியல். ரசூல் பீவி வாசல்படியைத் தேய்த்துக் கழுவினாள். செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை எண்ணூறு. வியாழக்கிழமை அறுநூற்று ஐம்பது. வெள்ளிக்கிழமை மகிழினி எண்ணி முடித்துவிட்டு, "ஐநூத்தித் தொண்ணூறும்மா" என்றாள்.

கெங்கம்மா கடைசிக் குடத்தை வீட்டில் இறக்கிவிட்டு, முகம் கழுவி, நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டினாள். நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

"டிப்போவுக்குப் போறேன் டீச்சர். தாள் வோணும்."

ஹில்டா சுவரில் தொங்கிய இரண்டு தாளையும் பார்த்தார். "எது?"

"குடத்துது மட்டும் குடுங்கோ" என்றாள் கெங்கம்மா. "தலையோடது இங்கியே தொங்கட்டும். அது படிக்கிற புள்ளைங்களுக்கு."