அழுத்தக்கா ஏறிய மூன்று மாடி

அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் தூண்டில். பணத்தைக் கணக்கில் வைத்து, சொன்னவருக்கு அனுப்பித் தரும் கம்பெனி அது. ஊழியர்கள் விழிப்பாக இருக்கிறார்களா என்று பார்க்க, மோசடிக்காரனைப் போலவே மின்னஞ்சல் எழுதி அவர்களுக்கு அனுப்புவதுதான் அவர் வேலை. ஏமாந்து அதிலுள்ள இணைப்பைத் தொட்டவருக்கு வகுப்பு. சந்தேகப்பட்டுப் புகார் பொத்தானை அழுத்தியவருக்குப் பாராட்டு. தன் கெட்டிக்காரத்தனத்தில் அவருக்குக் கொஞ்சம் மயக்கமும் உண்டு.

அன்று பத்து மணிக்கு அவர் உள்ளே நுழைந்ததும் கணக்குப் பிரிவுக்காரர் கை தட்டினார்.

"இந்தத் தடவை கலக்கிட்டீங்க சார்! நம்ம வெப்சைட் பக்கத்தையே அச்சு அசலா செஞ்சிருக்கீங்க. ஆனா நாங்க யாரு? சிரிச்சுட்டு அழிச்சுட்டோம்!"

 அந்த வாரம் தூண்டில் எதையும் அனுப்பவே இல்லை. புலி வருது, புலி வருது என்று மாதாமாதம் கத்தியவர் அவர்தான். இன்று நிஜப் புலியே வந்திருக்கிறது, இவர்கள் அதைத் தட்டிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

போனை எடுத்தார். ஒன்பதேகாலுக்குக் கூடப்பிறந்த அக்கா அனுப்பிய செய்தி கிடந்தது. "தம்பி, கணக்கை மூடப்போறோம்னு உங்க கம்பெனிலேர்ந்து வந்திருக்கு. பாஸ்வேர்டு போடச் சொல்லுது. போட்டுடட்டுமா?" அப்போது அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அக்கா தையல்கடைக்காரி. புது மெஷினுக்காக மூன்று வருஷமாக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததெல்லாம் அந்தக் கணக்கில்தான். கூப்பிட்டார். எடுக்கவில்லை. மெஷின் ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் அவளுக்குக் கேட்காது.

மூன்றாம் மாடியில் இருந்த மோசடித் தடுப்புப் பிரிவுக்கு மூச்சிரைக்க ஓடினார். அங்கே பிரிவின் தலைவி நிதானமாகத் தேநீரை ஊதிக்கொண்டிருந்தார்.

"அந்தப் போலிப் பக்கமா? எட்டே முக்காலுக்கே பிரௌசர் கம்பெனிகளுக்கெல்லாம் சொல்லியாச்சு. ஒன்பது மணிலேர்ந்து யார் தொட்டாலும் எச்சரிக்கைதான் வரும். அதுக்கு முன்னாடி மாட்டினவங்க கணக்குல புது போன்லேர்ந்து எவன் நுழைஞ்சாலும் பணம் நகராது. அங்க பாருங்க."

சுவர்த் திரையில் புள்ளிகள் மின்னின. திருடன் சோம்பேறி, கம்பெனியின் சின்னத்தைக் காப்பி எடுக்காமல், கம்பெனியின் சர்வரிலிருந்தே வந்து விழும்படி ஒட்டியிருந்தான். அதனால் எங்கே யார் அந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சின்னம் இங்கிருந்துதான் போகும், திரையில் ஒரு புள்ளி விழும். எட்டரைக்கு மழையாகக் கொட்டிய புள்ளிகள் ஒன்பதுக்குப் பிறகு தூறலாகி, இப்போது அங்கொன்று இங்கொன்று. முகம் தெரியாத இத்தனை பேர், தாங்கள் தப்பித்ததுகூடத் தெரியாமல் காலை வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பத்து வருஷம் இதே கட்டடத்தில் இருந்தவர் வாயைப் பிளந்து நின்றார்.

"உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"அழுத்தக்காதான். நீங்க பதில் போடலன்னு நேரா மாடி ஏறி வந்துட்டாங்க."

வாடிக்கையாளர் போன்களை எடுக்கும் அம்மாள் அவர். மேலாளரின் பிறந்தநாள் வாழ்த்துக்கும் புகார் பொத்தானை அழுத்துவார். அதனால் வந்த பெயர். தொல்லை தாங்காமல், அவர் புகார்களெல்லாம் தனி மூலையில் போய் விழும்படி தூண்டில் போன வருஷமே செய்துவிட்டார். அந்த மூலையை அவர் ஒருநாளும் திறந்ததில்லை.

போன் அடித்தது. அக்கா.

"எதுக்குடா இத்தனை தடவை கூப்பிட்ட? அதைத் தொட்டேன், ஸ்கிரீன் முழுக்கச் சிவப்பா 'போகாதீங்க'ன்னு வந்துச்சு. நல்ல கம்பெனிடா உன்னோடதுன்னு திட்டிட்டுத் தைக்கப் போயிட்டேன்."

அவர் சிரித்தார். கண் நிறைந்துவிட்டது. நேரே அழுத்தக்காவிடம் இறங்கிப் போனார்.

"அது நான் அனுப்பலன்னு எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"எங்க கண்டுபிடிச்சேன்? நீங்க அனுப்பினதுன்னுதான் நினைச்சேன்."

"அப்புறம் எதுக்கு மூணு மாடி ஏறினீங்க?"

"'நானே அனுப்பினாலும் நம்பாதீங்க, அழுத்துங்க. பதில் வரலன்னா மேல போய்ச் சொல்லுங்க'ன்னு முதல் வகுப்புல சொன்னீங்களே சார்?"

சொன்னவருக்கே மறந்துபோயிருந்தது. அழுத்தக்கா அதற்குள் அடுத்த போனை எடுத்துவிட்டார்.