ஜூலி திருப்பிக் கொடுத்த புல்தொட்டி

நுவரெலியாவில் ஒரு குதிரை, வாங்கிய சாமான் சரியில்லை என்று தானே கடைக்குப் போய்த் திருப்பிக் கொடுத்தது. அந்தச் சாமானைத் தேர்ந்தெடுத்தவன் நான். முப்பத்தாறு வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவனுக்குக் குதிரையைப் பற்றித் தெரியாததும் உண்டா?

பக்கத்து வீட்டுக் கிளைவ், வாவிக்கரையில் சுற்றுலாக்காரர்களைக் குதிரையேற்றிப் பிழைப்பவன். ஏப்ரல் சீசனுக்குப் பத்தே நாள். அவன் குதிரை ஜூலி நொண்டினால் அவன் வருஷமே நொண்டிவிடும். அவனோ காய்ந்த புல்லைக் தேயிலைக் கொழுந்துச் சாக்கு வலையில் அடைத்து, கொழுந்தெடுக்கிற பெண்கள் முதுகில் தொங்குகிற உயரத்திலேயே தொங்கவிட்டிருந்தான். ஜூலி முன்னங்காலை வலைக்குள் விட்டுக்கொண்டு, மூன்று காலில் தவம் செய்தாள்.

“தண்ணி பெரல் ஒண்ண பாதியா வெட்டினா போதுங்க. வெளிம்பத் தேச்சு தரையில வச்சா, குனிஞ்சு திங்கும். கண்ணுல தூசி விழாது,” என்றாள் அவன் மனைவி பெற்றீசியா. இவ்வளவு மலிவான யோசனையை யார் மதிப்பார்?

“தொட்டியா, இரும்புல வாங்குடா,” என்று நான் அருளினேன்.

இரும்புக் கடைக்காரர் பொன்னையா, எங்களோடு வந்த ஜூலிக்கு மூன்று கரட் கிழங்கு ஊட்டிவிட்டு, “நூறு வருஷம் நிக்கும் சார்,” என்றார். குதிரை அதுவரை இருக்க வேண்டியதுதான் பாக்கி.

தொட்டியைச் சுவரில் பூட்டுமுன்பே கிளைவ் ஜூலியை அதில் கட்டினான். கூரான விளிம்பு அவள் நெற்றியைக் கீறியது. மிரண்டவள் தொட்டியையே இழுத்துக்கொண்டு மாலை இருட்டில் ரோட்டில் இறங்கினாள். பறந்த தீப்பொறி வெளிச்சமே போதுமென்று ராகலைக்குப் போகிற பஸ் லைட்டை அணைத்துவிட்டு வந்தது. ஜூலி போய் நின்றது நேரே கரட் கொடுத்த கடை வாசல்!

அப்போது கோவிலில் இருந்த பொன்னையா, திரும்பி வந்ததும் நாங்கள் சொன்னதை நம்பாமல் சிரித்தார்.

“குதிர கொண்டாந்துச்சா? பில்லும் வாயில வச்சிருந்துச்சா சார்?”

“அண்ணே, இத எடுத்துக்கிட்டு ஒரு பெரல் தாங்க. இன்னொரு தடவ அடிபட்டா என் சீசன் போச்சு,” என்றான் கிளைவ்.

“அது தானா வந்து காட்டட்டும். தாரேன்.”

மறுநாள் காலை, கிளைவ் தெருமுனையில் கயிற்றை அவிழ்த்தான். ஜூலி எவரையும் வழி கேட்கவில்லை. கடைக்குள் தலையை நீட்டி, பூசைத் தட்டிலிருந்த வாழைப்பழத்தைத் தோலோடு தின்றாள். பிறகு பொன்னையாவின் நெற்றித் திருநீற்றை ஒரே நக்கில் துடைத்தாள்.

“வந்துச்சு சார்! சத்தியமா அதுதான் வந்துச்சு!” என்று சாக்குமூட்டை மேல் ஏறி நின்று அலறினார் பொன்னையா. “பெரல எடுத்துக்கிட்டு, இத மொதல்ல கூட்டிட்டுப் போங்க!”